ஹெப்சியின் கன்னத்தில் நான் அழித்தது

ஜோயல்,

நீங்கள் இருவரும் உன் எஸ்டேட் வேலைக்காக மேகமலை ஏறிப் போய் இன்றோடு பன்னிரண்டு நாள் ஆகிறது. இரண்டு தடவை போன் செய்தாய். இரண்டு தடவையும் பாதிப் பேச்சில் அறுந்துபோனது. “சிக்னல் கிடைக்கிற மேட்டுல போய் நின்னுக்கிட்டுப் பேசச் சொல்லுங்க” என்கிறாள் உன் அம்மா. எனக்கு அது சரிப்படாது. குளிரில் மேட்டில் நிற்கிறவனிடம் அவசரமாகச் சொல்லி முடிக்கிற விஷயம் இல்லை இது. அதனால் எழுதுகிறேன். கல்யாண ஆல்பம் தயாராகிவிட்டது. காலையில் சின்னமனூரிலிருந்து கிளம்பும் எஸ்டேட் பஸ்ஸில் கொடுத்துவிடுகிறேன். கடிதம் அதற்குள் இருக்கும். முதலில் இரண்டு பேரும் படங்களைப் பாருங்கள், பிறகு இதைப் படி, படித்துவிட்டு ஹெப்சியிடம் கொடு. நடந்ததைக் கேட்ட நம் ஆயர், இதைச் சபைப் பத்திரிகைக்கு எழுதிக் கொடுங்களேன் என்றார். மருமகள் சம்மதித்தால் கொடுக்கிறேன் என்று சொல்லியிருக்கிறேன். அவளைக் கேட்காமல் நான் செய்தது போதும்.

முப்பத்திரண்டு வருஷமாக நான் ஸ்டுடியோ வைத்திருக்கிறேன். நீ அங்கேயேதான் வளர்ந்தாய், பின்னால் தொங்கிய நீலத் திரையில் முகம் துடைத்து அடி வாங்கியிருக்கிறாய். ஆனால் அந்தத் தொழிலில் என் பெயர் எதனால் வளர்ந்தது என்று உனக்குச் சரியாகத் தெரியாது. நான் நல்ல படம் எடுப்பவன் என்பதால் அல்ல. என்னைவிட நல்ல படம் எடுப்பவர்கள் கம்பத்தில் இரண்டு பேர் இருந்தார்கள். என் பெயர் டச்சப்பில் வளர்ந்தது. நெகடிவ் காலத்தில் பென்சிலை ஊசி மாதிரி சீவி, வெளிச்சத்துக்கு மேலே நெகடிவை வைத்து, பருவும் தழும்பும் கருவளையமும் இருக்கிற இடத்தில் மெதுவாக ஒத்தி எடுப்போம். பென்சில் பட்ட இடம் பிரிண்டில் வெளுத்து வரும். கம்ப்யூட்டர் வந்த பிறகு அதே வேலை இன்னும் சுலபமாயிற்று. மாப்பிள்ளை வீட்டுக்கு அனுப்பப் படம் எடுக்க வரும் ஒவ்வொரு தாயும் வாசலிலேயே என்னிடம் சொல்வது ஒன்றுதான்: “பிள்ளையைக் கொஞ்சம் கலரா எடுங்கண்ணே.” நான் எடுத்தேன். அதைப் பாவம் என்று நினைத்ததே இல்லை. ஞாயிற்றுக்கிழமை முன்வரிசையில் உட்கார்ந்து, மனிதர் பார்க்கும் இடம் வேறு, தேவன் பார்க்கும் இடம் வேறு என்று ஆயர் சொல்வதற்குத் தலையாட்டிவிட்டு, திங்கட்கிழமை போய்ப் பென்சிலைச் சீவினேன். இரண்டும் ஒரே மனுஷன் செய்கிற வேலை என்று எனக்கு உறைக்கவில்லை.

உறைத்திருக்க வேண்டிய நாள் ஒன்று இருந்தது. நீ அப்போது கைக்குழந்தை. உத்தமபாளையம் பக்கத்து விவசாயி ஒருவர், நான் எடுத்துக் கொடுத்த தன் மகளின் படத்தைத் திரும்பக் கொண்டுவந்து மேஜைமேல் வைத்தார். சண்டை போடவில்லை. “மாப்பிள்ளை வீட்டுக்காரவுக வந்தாகண்ணே. என் மகளப் பார்த்துட்டு, படத்துல இருக்கிற பிள்ளையக் காட்டுங்கன்றாக. நான் எங்கன போயி காட்ட?” என்றார். அவ்வளவுதான் பேசினார். நான் வேறு படம் எடுத்துத் தருகிறேன் என்றேன். வேண்டாம் என்று தலையசைத்தார். அந்தப் பெண் உள்ளே வராமல் வெளியே படியில் நின்றுகொண்டிருந்தாள். ஜன்னல் வழியாக அவள் பின்தலையும் பிச்சிப்பூவும் தெரிந்தன. அவர்கள் போன பிறகு எனக்குச் சங்கடமாகத்தான் இருந்தது. ஆனால் அடுத்த வாடிக்கையாளர் வந்ததும் போய்விட்டது. இதை இதுவரை நான் உன் அம்மாவிடம்கூடச் சொன்னதில்லை.

உன்னிடமும் ஒன்று செய்தேன். ஆலயத்தில் முதல் நற்கருணைக்கு முன்னால் உனக்குத் திடப்படுத்தல் ஆனபோது பதினாலு வயசு. வெள்ளைச் சட்டையில், எண்ணெய் வைத்த தலையோடு, கையில் வேதப்புத்தகம் வைத்துக்கொண்டு நின்றாய். நீ உன் அம்மா நிறம். நான் அந்தப் படத்தைச் சட்டம் போட்டு நடுவீட்டில் மாட்டியபோது உன் முகம் என் நிறத்துக்கு வந்திருந்தது. நீ வந்து பார்த்தாய். சிரிப்பாய் என்று நினைத்தேன். ஒன்றும் சொல்லாமல் போய்விட்டாய். அதற்குப் பிறகு நீ என் காமிராவுக்கு முன்னால் நீயாக வந்து நின்றதே கிடையாது. காலேஜ் விண்ணப்பத்துக்குப் படம் வேண்டியபோது தேனியில் வேறு ஸ்டுடியோவுக்குப் போய் எடுத்துக்கொண்டு வந்தாய். எனக்கு அது அவமானமாக இருந்தது. உன்னைத் திட்டினேன். ஏன் போனாய் என்று மட்டும் கேட்கவில்லை.

இனி ஹெப்சிக்கு வருகிறேன். போன வருஷம் உன் அம்மா குளியலறையில் வழுக்கி விழுந்து இடுப்பெலும்பு முறிந்து, தேனியில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் மூன்று வாரம் கிடந்தாள். அந்த வார்டில் பகல் நர்ஸ் ஹெப்சி. இடது கண்ணுக்குக் கீழே தொடங்கித் தாடை வரைக்கும், நம் ஊர்ப் பன்னீர் திராட்சை நிறத்தில், பிறவியிலேயே வந்த மச்சம். நான் முதல் நாள் பார்த்தேன். பார்த்துவிட்டு அதற்குப் பிறகு பார்க்கவே இல்லை. மருந்துச் சீட்டைப் பார்த்துப் பேசுவேன், இல்லையென்றால் அவள் தோளுக்கு மேலே சுவரைப் பார்ப்பேன். முகங்களைப் பார்ப்பதையே தொழிலாகக் கொண்டவன், மூன்று வாரமும் தினமும் வந்து தன் மனைவியைத் தூக்கி உட்கார வைத்த ஒரு பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை. அதை மரியாதை என்று வேறு நினைத்துக்கொண்டிருந்தேன்.

உன் அம்மா அப்படி இல்லை. படுக்கையிலேயே எல்லாம் செய்யவேண்டியிருந்ததில் அவளுக்கு உயிர் போகிற வெட்கம். முதல் இரண்டு நாள் தண்ணீர்கூடக் குடிக்காமல் கிடந்தாள். ஹெப்சி அதைக் கண்டுபிடித்துவிட்டுச் சொன்னாளாம்: “அம்மா, எங்கப்பா வடுகபட்டிப் பூண்டு மண்டியில இருக்காக. நான் பிறந்ததுல இருந்து எந்த வாடைக்கும் மூஞ்சி சுளிச்சதில்ல. நீங்க தண்ணியக் குடிங்க.” உன் அம்மா வலியோடு சிரித்த முதல் சிரிப்பு அது. எஸ்டேட்டில் லீவு போட்டு வந்திருந்த நீ சாயங்காலம் வருவாய். நீங்கள் மூன்று பேரும் பேசிக்கொண்டிருப்பீர்கள். நான் வராந்தாவில் உட்கார்ந்து பேப்பர் படிப்பேன். உள்ளே என்ன நடக்கிறது என்று எனக்குத் தெரியாது.

அம்மா வீடு திரும்பி நாலு மாசம் கழித்து நீ ஸ்டுடியோவுக்கு வந்தாய். நான் லென்ஸ் துடைத்துக்கொண்டிருந்தேன். “அப்பா, ஹெப்சியக் கட்டிக்கலாம்னு இருக்கேன். அவகிட்டக் கேட்டுட்டேன். உங்ககிட்டயும் கேக்கணும்ல” என்றாய். நான் அந்த லென்ஸைத் தேவைக்கு மேல் நெடுநேரம் துடைத்தேன். “ஊருல என்ன சொல்வாகன்னு யோசிச்சியாலே?” என்றேன். “யோசிக்கலப்பா” என்றாய். வீறாப்பாகச் சொல்லவில்லை. ஒரு சாமானை வாங்க மறந்துவிட்டவன் சொல்வது போலச் சொன்னாய். உண்மையிலேயே உனக்கு அது தோன்றியிருக்கவில்லை என்று தெரிந்ததும் எனக்கு உன்மேல் கொஞ்சம் கோபம்கூட வந்தது. ஒரு வாரம் இழுத்தேன். அப்புறம் சம்மதித்தேன். சம்மதித்த மறுநிமிஷமே என்னை நானே மெச்சிக்கொள்ள ஆரம்பித்துவிட்டேன்.

வடுகபட்டியில் அவர்கள் வீட்டில் நிச்சயம் நடந்தபோது நான் எழுந்து பேசியது உனக்கு நினைவிருக்கும். “என் மகன் வெளிய இருக்கிற அழகப் பார்க்கல. உள்ள இருக்கிற அழகப் பார்த்திருக்கான். இந்தப் பிள்ளையோட மனசுதான் இவளுக்கு நகை” என்றேன். அங்கிருந்தவர்கள் தோத்திரம் சொன்னார்கள். ஆயர் தலையசைத்தார். ஹெப்சியின் அம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டார். ஹெப்சி தலையைக் குனிந்துகொண்டாள். அடக்கமான பிள்ளை என்று நினைத்தேன். நீ மட்டும் என்னை ஒரு மாதிரி பார்த்தாய். அந்தப் பார்வையை நான் பெருமை என்று எடுத்துக்கொண்டேன்.

அப்புறம் அந்த ஃப்ளெக்ஸ். கல்யாணத்துக்கு மூன்று நாள் முன்னால் மண்டப வாசலில் பன்னிரண்டு அடிக்கு வைத்தேன். நிச்சயத்தில் நானே எடுத்த படம். மூன்று நாள் உட்கார்ந்து வேலை செய்திருந்தேன். என் வாழ்நாளில் அத்தனை நுணுக்கமாக நான் டச்சப் செய்ததில்லை. அவள் வலது கன்னத்தின் தோலை எடுத்து இடது கன்னத்துக்குப் பரப்பி, நிழலைச் சரிசெய்து, ஒரு இடத்தில்கூட ஒட்டுப்போட்டது தெரியாமல் முடித்திருந்தேன். அன்றைக்கு ரவிக்கை அளவு சரிபார்க்க ஹெப்சியும் அவள் அம்மாவும் சின்னமனூர் வந்திருந்தார்கள். வாங்கம்மா, ஒண்ணு காட்டுறேன் என்று நானே கூட்டிக்கொண்டு போனேன். இதற்குப் பிறகு நடந்ததில் பாதி உனக்குத் தெரியும். நீ வருவதற்கு முன்னால் நடந்ததை நான் முழுசாகச் சொல்லவில்லை, அவளும் சொல்லியிருக்க மாட்டாள்.

அவள் அண்ணாந்து பார்த்தாள். நிறைய நேரம் பார்த்தாள். “இது யாரு மாமா?” என்றாள்.

நான் சிரித்தேன். “நீதாம்மா. நல்லாயிருக்குல்ல?”

“நல்லாத்தான் இருக்காக. எனக்குத்தான் யாருன்னு தெரியல.”

“நாலு பேரு வர்ற இடம்மா. ஒருத்தரும் ஒண்ணும் சொல்லிறக் கூடாதுன்னுதான். உனக்காகத்தான் செஞ்சேன்.”

“கல்யாணத்தன்னிக்கு அந்த நாலு பேரும் என்னத்தான மாமா பார்ப்பாக. அப்ப இவுகளத் தேட மாட்டாகளா?”

எனக்கு அங்கேயே வாயை மூடத் தெரிந்திருக்க வேண்டும். நான் வேதம் பேச ஆரம்பித்தேன். “ஆண்டவர் உள்ளத்தத்தாம்மா பார்க்கிறாரு. உன் மனசு எம்புட்டு அழகுன்னு எங்களுக்குத் தெரியாதா? முகத்தப் போயி எதுக்கு இவ்வளவு பெருசா எடுத்துக்கிற?”

“முகத்தப் பெருசா எடுத்தது நான் இல்லையே மாமா. பன்னெண்டு அடிக்கு எடுத்தது நீங்கதான.”

அவள் அம்மா பதறிப்போய், “மாமாகிட்ட அப்படிப் பேசாதடி” என்று கையைப் பிடித்து இழுத்தார். ஹெப்சி கையை விடுவித்துக்கொள்ளவில்லை. குரலையும் உயர்த்தவில்லை. வார்டில் நோயாளியிடம் பேசுகிற அதே குரல்தான். “சின்னப் பிள்ளையில இருந்து மனசு அழகு, மனசு அழகுன்னு கேட்டுக்கிட்டே இருக்கேன் மாமா. சொல்றவுக எல்லாரும் என் முகத்தப் பார்க்காமத்தான் சொல்றாக. நிச்சயத்துல நீங்களும் அப்படித்தான் சொன்னீக. என் மனசு அழகுதானான்னு எனக்கே தெரியாது. எனக்குக் கோவம் வரும், பொறாம வரும், டூட்டியில பொய்கூடச் சொல்லியிருக்கேன். அத இன்னும் ஆண்டவர்தான் சரிபண்ணிக்கிட்டு இருக்காரு. ஆனா இந்த முகம் அவரு செஞ்சதுன்னு எனக்கு நிச்சயமாத் தெரியும். நீங்க சரியா இருக்கிறதச் சரிபண்ணிட்டு, சரியில்லாததப் போயி அழகுன்னு சொல்றீக.” கடைசியாகச் சொன்னாள்: “கல்யாணத்த வேணாம்னு சொல்லல மாமா. ஆனா இதுக்குக் கீழ வந்து நான் நிக்க மாட்டேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கேறியது. அதையும் மறைக்கப்போவதில்லை. உனக்குப் போன் போட்டு, “வர்றதுக்கு முன்னாடியே உன் பொண்டாட்டி என்னைய நடுத்தெருவுல நிக்க வச்சிட்டா” என்றேன். நீ ஏதாவது ஒரு பக்கம் பேசுவாய் என்று எதிர்பார்த்தேன். “வர்றேம்ப்பா” என்று மட்டும் சொல்லி வைத்துவிட்டாய். எஸ்டேட் ஜீப்பில் இறங்கி நீ வந்து சேர இரண்டு மணி நேரம் ஆயிற்று. அதுவரை நாங்கள் மூவரும் மண்டபப் படியில் உட்கார்ந்திருந்தோம். அவள் எனக்குக் கடையில் டீ வாங்கிக்கொண்டு வந்து கொடுத்தாள். எனக்குச் சர்க்கரை போடக்கூடாது என்று அவளுக்கு நினைவிருந்தது.

நீ வந்தாய். யாரையும் எதுவும் கேட்கவில்லை. அந்தப் படத்தை நின்று பார்த்தாய். பார்த்துவிட்டு என்னிடம் கேட்டாயே ஒரு கேள்வி, “ஏம்ப்பா, இதுல என்னையும் கலராக்கிட்டீகளா?” என்று. நான் அப்போதுதான் அண்ணாந்து உன் முகத்தைப் பார்த்தேன். ஆக்கியிருந்தேன். கைப்பழக்கம், ஜோயல். எப்போது செய்தேன் என்றே எனக்கு ஞாபகம் இல்லை. என் சொந்த மகனின் முகத்தை என் கை தானாகவே மாற்றியிருக்கிறது. நீ சிரித்துக்கொண்டுதான் கேட்டாய். அந்தச் சிரிப்பில் பதினாலு வயசுப் பையன் ஒருவன் இருந்தான்.

நீ ஹெப்சியைப் பார்த்து “என்ன செய்யலாம்?” என்றாய். அவள் “இறக்கிறலாம்” என்றாள். மண்டபத்து ஏணியை எடுத்து வந்து நீயே ஏறினாய். தெருவில் ஆட்கள் நின்றார்கள். டீக்கடைக்காரர், “என்ன தம்பி, கல்யாணம் நின்னுபோச்சா?” என்று கேட்டார். “கல்யாணம் இருக்குண்ணே. படம்தான் தப்பு” என்றாய். யார் தப்பு என்று நீ சொல்லவில்லை. பொய்யும் சொல்லவில்லை. ஒரு முனையை நான் பிடிக்க, மறுமுனையை நீ பிடிக்க, படம் உள்பக்கமாக வரும்படி மடித்தோம். வீட்டுக்கு நடந்து வரும்போது நீ சொன்னாய்: “அவகிட்ட நீங்கதாம்ப்பா பேசணும். நான் பேசினா இன்னிக்கு முடிஞ்சுபோயிரும். ஆனா சரியாகாது.” எனக்கு அறிவுரை சொல்கிற வயசு உனக்கு வந்துவிட்டதைப் பார்த்தேன். தகப்பனைக் கூனிக்குறுக வைக்காமல் சொல்லவும் தெரிந்திருந்தது.

வீட்டில் உன் அம்மாவிடம் எல்லாவற்றையும் கொட்டினேன். அவள் என்னைத் திட்டுவாள் என்று நினைத்தேன். “நானும் மொத நாளு அந்த மச்சத்தத்தாங்க பார்த்தேன்” என்றாள். “ஐயோ பாவம்னு இருந்துச்சு. நாலஞ்சு நாள்ல அது கண்ணுக்குத் தெரியாமப் போச்சு. அதையே பெரிய விஷயம்னு நினைச்சுக்கிட்டேன். மூணாவது வாரம் ஒரு நாளு அவ லீவு. வேற நர்ஸ் வந்தா. அந்தப் பிள்ளை நல்ல செவப்பு. ஆனா என் கண்ணு கதவப் பார்த்துக்கிட்டே இருந்துச்சு, அந்தக் கன்னம் எப்ப வரும்னு.” உன் அம்மா இவ்வளவு பேசி நான் கேட்டு ரொம்ப நாளாகியிருந்தது.

ஸ்டுடியோவைத் திறந்து, நான் கை வைக்காத அசல் படத்தைக் கம்ப்யூட்டரில் போட்டேன். பெரிசாக்கிப் பார்த்தேன். உடனே எனக்கு ஞானம் பிறந்துவிட்டது என்று எழுதினால் நீ நம்ப மாட்டாய், அப்படி நடக்கவும் இல்லை. முதலில் மச்சம்தான் தெரிந்தது. கை மவுஸுக்குப் போனது. எடுத்து மடியில் வைத்துக்கொண்டேன். வேறு வேலை எதுவும் செய்யாமல் பார்த்துக்கொண்டே இருந்தேன். அந்த நிறம் ஒரே நிறம் இல்லை. கண்ணுக்குக் கீழே அடர்ந்து, கன்னத்தின் மேட்டில் வெளுத்து, வாயோரத்தில் மறுபடி அடர்ந்து வருகிறது. அவள் உன்னைப் பார்த்துச் சிரிக்கும்போது அந்த வாயோரம்தான் முதலில் அசைந்திருக்கிறது. நான் அழித்தபோது அந்தச் சிரிப்பின் தொடக்கத்தையும் சேர்த்து அழித்திருக்கிறேன். ஃப்ளெக்ஸில் இருந்த பெண் லட்சணமாக இருந்தாள், ஆனால் யாரையும் பார்த்துச் சிரிக்கவில்லை. படம் எடுப்பவனான எனக்கு அது முன்பே தெரிந்திருக்க வேண்டும்.

மறுநாள் விடிந்ததும் காமிராவை எடுத்துக்கொண்டு வடுகபட்டிக்குப் பஸ் ஏறினேன். ஹெப்சியின் அப்பா பூண்டுச் சருகு ஒட்டிய சட்டையோடு மண்டிக்குக் கிளம்பிக்கொண்டிருந்தார். கல்யாணத்தை நிறுத்த வந்திருக்கிறேன் என்று நினைத்து அவர் முகம் வெளிறிவிட்டது. “சம்பந்தி, பிள்ளை ஏதோ தெரியாமப் பேசிட்டா” என்று ஆரம்பித்தார். “தெரிஞ்சுதான் பேசினா. நான்தான் தெரியாமச் செஞ்சிட்டேன்” என்றேன். ஹெப்சி வந்தாள். “மன்னிச்சிரும்மா” என்றேன். முதல்முறையாக அவள் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். அவளும் என்னைப் பார்த்தாள். “சரி மாமா” என்றாள். இவ்வளவு சின்ன வார்த்தையில் ஒரு மனுஷனின் பாரத்தை இறக்கிவிட முடியும் என்று எனக்குத் தெரியாது.

ஒரு படம் எடுத்துக்கிறட்டுமா என்று கேட்டேன். அவள் கொஞ்சம் இருங்க என்று உள்ளே போனாள். கால் மணி நேரம் கழித்து, தலை வாரி, கனகாம்பரம் வைத்து, மையிட்டு, நல்ல சேலை கட்டி வந்தாள். என் முகத்தில் ஏதோ தெரிந்திருக்க வேண்டும். “எனக்கும் அழகா இருக்கணும்னு ஆசை உண்டு மாமா. பூ வைக்கப் பிடிக்கும், பட்டுக் கட்டப் பிடிக்கும். மனசு அழகுன்னு சொல்லி அதப் பிடுங்கிறாதீக” என்று சிரித்தாள். எங்கே நிற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. நிச்சயத்தில் எடுத்த அத்தனை படங்களிலும் அவள் வலது கன்னமே முன்னால் வரும்படி லேசாகத் திரும்பி நின்றிருந்ததை நான் முந்தின நாள்தான் கவனித்திருந்தேன். அவள் வாசலுக்கு வந்து, வெயில் வருகிற பக்கம் பார்த்து, தானாகவே இடது கன்னத்தைத் திருப்பினாள். எட்டுப் படம் எடுத்தேன். எதிலும் கை வைக்கவில்லை. நிச்சயத்தில் எடுத்த உன் அசல் படத்தோடு சேர்த்து, அன்று சாயங்காலமே மண்டப வாசலில் புது ஃப்ளெக்ஸ் ஏறியது. அதில் நீ கறுப்பாக இருக்கிறாய். ஹெப்சி ஹெப்சியாக இருக்கிறாள்.

கல்யாணத்தன்று என் தங்கை ஒருத்தி என் காதருகே வந்து, “என்னண்ணே, உங்ககிட்ட இல்லாத டச்சப்பா, இத இப்படியே விட்டுட்டீக?” என்றாள். “இதுல டச்சப் பண்ண ஒண்ணும் இல்ல” என்றேன். அவள் போய்ச் சாப்பாட்டுப் பந்தியில் உட்கார்ந்துவிட்டாள். ஊர் என்ன சொல்லும் என்று நான் ஒரு வருஷம் பயந்தது இவ்வளவுதான். ஊருக்குப் பசி. ஆலயத்தில் நீ அவள் கையைப் பிடித்துக்கொண்டு உடன்படிக்கை சொன்னபோது நான் இரண்டாம் வரிசையில் இருந்தேன். படம் எடுக்க வேறு ஆள் வைத்திருந்தேன், கையில் காமிரா இல்லை. நீ அவளைப் பார்த்த பார்வையை நான் நேராகப் பார்த்தேன். நீ மச்சத்தை ஒதுக்கிவிட்டு அவளைப் பார்க்கவில்லை, அதைப் பொறுத்துக்கொள்ளவும் இல்லை. அவளை முழுசாகப் பார்த்தாய். ஆண்டவர் நம்மைப் பார்ப்பது இப்படித்தான் இருக்கும் என்று அந்த நேரம் எனக்குத் தோன்றியது. அவர் உள்ளத்தைப் பார்க்கிறார் என்றால் முகத்தைப் பார்க்காமல் திரும்பிக்கொள்கிறார் என்று அர்த்தமில்லை. தான் செய்த முகத்தை அவர் எதற்குத் தள்ளிவைக்க வேண்டும்? உள்ளம், வெளி என்று கூறுபோட்டு, ஒன்றைத் தூக்கி மற்றதைத் தாழ்த்தியதெல்லாம் என்னைப் போன்றவர்கள் செய்த வேலை.

தகப்பன் என்ற முறையில் சில புத்திமதி சொல்லாமல் என்னால் கடிதத்தை முடிக்க முடியாது. உன் வெளியழகைப் பற்றி எனக்குக் கவலை இல்லை. நீ கோபம் வந்தால் மூன்று நாள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு பேசாமல் இருப்பாயே, அது என்னிடமிருந்து வந்தது. அந்த அசிங்கம் எந்தப் படத்திலும் விழாது, கூட வாழ்கிறவளுக்கு மட்டும் தெரியும். அதை முதல் நாளே உடைத்துவிடு. அவள் பூ கேட்டால் வாங்கிக் கொடு. மலையில் கிடைக்காவிட்டால் பஸ்ஸில் வரவழை. சேலை நல்லாயிருக்கிறது என்று வாய் திறந்து சொல். முப்பத்தைந்து வருஷமாக நான் உன் அம்மாவிடம் அதைச் சொல்லாமல், அடக்கமான குடும்பம் என்று பேர் வாங்கியிருக்கிறேன். போன ஞாயிற்றுக்கிழமை சொன்னேன். “உடம்புக்கு ஏதும் செய்யுதா?” என்று கேட்டாள். நான் இன்னும் தலைக்குச் சாயம் பூசுகிறேன், அதை விடுவதாக உத்தேசம் இல்லை. அதனால் என்னைத் திருந்தி முடித்தவன் என்று எண்ணிவிடாதே. நாளைக்கு உங்களுக்கு ஒரு குழந்தை பிறந்தால், பிள்ளை என்ன நிறம் என்று கேட்கிற முதல் ஆள் நானாகவே இருக்கக்கூடும். கேட்டால் பதில் சொல்லாதே.

கல்யாணத்துக்கு வந்தவர்களில் பலர் என் கையைப் பிடித்து, பிள்ளையை நல்லா வளர்த்திருக்கீக என்றார்கள். நான் மறுக்காமல் சிரித்து வாங்கிக்கொண்டேன். ஆனால் உண்மை உனக்கும் எனக்கும் தெரியும். ஒரு முகத்தை அப்படிப் பார்க்க நான் உனக்குச் சொல்லிக் கொடுக்கவில்லை. எனக்கே அது தெரியாது. என் கடையில் வளர்ந்து, என் கண்ணைப் பார்த்துப் பழகி, என் கையால் முகம் மாற்றப்பட்டும், நீ இப்படி வந்திருக்கிறாய். நான் சொல்லிக் கொடுத்து நீ செய்திருந்தால் எனக்கு என்மேல்தான் பெருமையாக இருந்திருக்கும். இந்தப் பெருமை முழுக்க உன்மேல், மகனே.

உன் அப்பா